ஆபீஸில் பாய் விரிக்கும் முன்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. பாப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள் என்பதில் ரொம்ப சந்தோஷம்.

உங்கள் கேம் ரிலீஸுக்கு இன்னும் 6 வாரம், 12 பேரும் ஆபீஸிலேயே தங்கப் போகிறார்கள், மெத்தை எத்தனை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். மெத்தைக் கணக்குக்கு அப்புறம் வருகிறேன். ராத்திரி அவர்கள் அங்கே என்ன செய்வார்கள் என்று முதலில் யோசி. பாதிப் பேர் பில்டு (எழுதிய கோடையெல்லாம் சேர்த்து ஓடும் கேமாக்கும் வேலை) முடிகிறதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முந்தாநாள் வரை ஒழுங்காக ஓடிய கேம் இன்று சேவ் செய்ததும் கிராஷ் ஆகிறது என்று வை. இடையில் 100 கமிட், அதாவது கோடில் பதிந்த 100 மாற்றங்கள். பாதி பாதியாகக் கழித்துத் தேடினால் 7 தடவை சோதித்தால் போதும். ஆனால் தடவைக்கு 40 நிமிடம் பில்டு என்றால் 4 மணி 40 நிமிடம், விடிந்துவிடும். 5 கமிட்டுக்கு ஒன்று வீதம் பில்டு போட்டு எடுத்துவைக்க ஒரு தனி மெஷினை விட்டுவிடு. 20 பில்டு, 13 மணி சொச்சம், ஆள் தேவையில்லை. அப்புறம் 5 சோதனை, ஒன்றுக்கு 5 நிமிடம். அரை மணிக்குள் சந்தேகம் 5 கமிட்டில் வந்து நிற்கும். அந்த 5-ஐயும் கண்ணாலேயே படித்துவிடலாம்.

மெமரி லீக்கும், அதாவது கேம் எடுத்த மெமரியைத் திருப்பித் தராமல் விடுவதும், அப்படித்தான். ஒரு லெவலை ஏற்றி இறக்கும்போது 2 எம்பி கசிந்தால், டெஸ்டர் 10 தடவை ஆடினாலும் 20 எம்பிதான், யார் கண்ணிலும் படாது. அதையே ஸ்கிரிப்ட் ராத்திரி முழுக்க 300 தடவை செய்தால் 600 எம்பி. காலையில் வரைபடத்தில் மாடிப்படி மாதிரி ஏறி நிற்கும். நிமிடத்துக்கு ஒரு முறை மெமரி அளவை லாகில் (பதிவுக் கோப்பில்) எழுதவை, கிராஷ் ஆனால் செல்லுக்கு மெசேஜ் வரட்டும். மெஷின் விழித்திருந்தால் போதும்.

ராத்திரி 10 மணிக்கு மேல் மெயின் பிராஞ்சில் (எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் கோடில்) யாரும் தனியாகத் தன் மாற்றத்தை மெர்ஜ் செய்யக் கூடாது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனின் தடுமாற்றம் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவனுடையதற்குச் சமம் என்று 1997-லேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் வண்டி ஓட்ட வரம்பே 0.03. அதனால் 2 மணிக்குக் கிளம்புகிறவனுக்கு பைக் சாவியைக் கொடுக்காதே, கம்பெனி செலவில் கார் பிடித்துக் கொடு. இன்னொன்று, 2003-இல் வந்த ஆய்வு: தினம் 6 மணி நேரமே தூங்கியவர்கள் 2 வாரத்தில், ஓரிரு ராத்திரி தூக்கமே இல்லாமல் கிடந்தவர்களைப் போல் தடுமாறினார்கள். ஆனால் தங்களுக்குத் தூக்கக் கலக்கம் கொஞ்சம்தான் என்று நினைத்தார்கள். ‘எனக்கு ஒன்றுமில்லை சார்’ என்று உன் பையன்கள் சொல்வதை அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்.

சரி, மெத்தை. மூன்று போதும்: பில்டு பார்ப்பவர், ஒரு புரோகிராமர், ஒரு டெஸ்டர், முறை வைத்து. மேஜைக்கு அடியில் படுக்க விடாதே. சிபியு வெப்பக்காற்று முகத்தில் அடிக்கும், புரண்டு படுத்தால் கால் பட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஸ்விட்ச் அணையும். பக்கத்து மெஷினில் பாதி பேக் ஆன லைட்டிங் (முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும் ஒளி, நிழல்) போயே போச்சு. மீட்டிங் ரூமே நல்லது. அங்கே ஆள் அசைந்தால் எரியும் விளக்கு இருக்கும்; மெயின்டனன்ஸில் சொல்லி சென்சாரை நிறுத்து. கட்டட ஏசி எத்தனை மணிக்கு நிற்கும் என்று கேள், நின்ற பிறகு கண்ணாடி அறையில் மூச்சு முட்டும். வெளிக்கதவு உள்ளிருந்து கார்டு இல்லாமல் திறக்கிறதா என்று நீயே ஒரு தடவை பார்த்துவிடு. தங்குபவர் பெயரை கேட்டில் எழுதிக் கொடு, தீப்பிடித்தால் எத்தனை பேர் உள்ளே என்று செக்யூரிட்டிக்குத் தெரிய வேண்டாமா? காலையில் வேக்யூம் கிளீனரோடு வரும் அக்காவுக்கும் ஒரு சீட்டு ஒட்டு.

படுத்தால் 20 நிமிடம், இல்லாவிட்டால் 90. ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே அலாரம் அடித்தால் எழுந்த பிறகும் அரை மணி நேரம் மண்டை மந்தமாக இருக்கும், அந்த நேரம் கீபோர்டு பக்கம் வேண்டாம். காபியின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 6 மணிக்குக் குடித்தது 11 மணிக்கும் பாதி உடம்பில் இருக்கும்.

ஓவர்டைம் கணக்கை இப்போதே எழுதிவை. 2004-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் கம்பெனியின் ஊழியர் ஒருவருக்கு நிச்சயமான பெண் பெயர் போடாமல் எழுதிய கடிதம் நினைவிருக்கிறதா? முதலில் 8 மணி நேரம் 6 நாள், அப்புறம் 12 மணி நேரம், கடைசியில் காலை 9 முதல் இரவு 10 வரை 7 நாளும். தொடர்ந்த வழக்குகளில் ஓவியர்களுக்கு 1.56 கோடி டாலர், புரோகிராமர்களுக்கு 1.49 கோடி டாலர் என்று சமரசம் பேசி முடித்தார்கள்.

போன வாரத்து பில்டு லாகை அனுப்பு. 40 நிமிடத்தில் ஷேடர் (திரையில் நிறம், ஒளியை வரையும் சின்ன புரோகிராம்) கம்பைல் மட்டும் எவ்வளவு தின்கிறது என்று பார்க்கிறேன்.

உன்,
பழைய ரூம்மேட்