வண்டி நிற்கும்போது என்ன செய்வீர்கள்?

முதியோருக்கான வாகனச் சேவை நடத்துபவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விளம்பரங்களை நிறையப் பார்த்துவிட்டேன். பளபளக்கும் வண்டி, சிரித்த முகத்தோடு ஓட்டுநர், பின்சீட்டில் கையாட்டும் வெள்ளைமுடித் தம்பதி. ஏசி உண்டு, ஜிபிஎஸ் உண்டு, ஆப் உண்டு. எல்லாம் சரி. ஆனால் வயதான பெற்றோருக்காக வண்டி தேடுகிற என் போன்றவர்களுக்கு இதில் எதுவுமே முடிவெடுக்க உதவவில்லை. வண்டி ஓடும்போது எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. அது நிற்கும்போதுதான் கவலை. ஏறும்போது, இறங்கும்போது, திரும்பிவர வண்டி வருமா வராதா என்று தெரியாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது. அந்த நேரங்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் இனி சேவையைத் தேர்ந்தெடுக்கப் போகிறேன். அதனால் என் கேள்விகளை முன்கூட்டியே உங்களிடம் கொடுத்துவிடுகிறேன்.

விழுவதைப் பற்றி முதலில். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்ததால் இறக்கிறார்கள். தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு. அப்படி இறப்பவர்களில் 60 வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். வண்டியில் ஏறி இறங்குவது விழுவதற்கு வசதியான இடம். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, பிடிமானத்துக்கு ஆடுகிற கதவு, பின்னால் ஹாரன் அடிக்கும் இன்னொரு வண்டி. நெடுநேரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்தவுடன் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடுவதும் உண்டு. நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ குறைந்தால் மருத்துவர்கள் அதை ஒரு கோளாறாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற பலருக்கு இது வரும். "சீக்கிரம் இறங்குங்க, இங்க நிறுத்தக் கூடாது" என்று ஓட்டுநர் அவசரப்படுத்துவது சரியாக அந்த நிமிடத்தில்தான்.

ஆகவே என் முதல் கேள்வி: எங்கிருந்து எதுவரை உங்கள் பொறுப்பு? சில சேவைகள் தெருவோரத்தில் ஏற்றித் தெருவோரத்தில் இறக்கிவிடும். சில, வீட்டு வாசல்வரை வந்து கைத்தாங்கலாகக் கூட்டிப்போகும். சில, உள்ளே வந்து, செருப்பு போட்டுக்கொள்ளும்வரை காத்திருந்து, போகிற இடத்தில் பதிவு மேசைவரை கொண்டுவிடும். மூன்றுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தானாக நடமாடுகிறவருக்கு முதல் வகையே போதும், தேவையில்லாத உதவிக்குக் காசு கொடுப்பானேன்? ஆனால் நீங்கள் எந்த வகை என்று முன்பதிவின்போதே சொல்ல வேண்டும். மாடி வீட்டுக்காரர் கீழே கேட்டருகே நின்றுகொண்டு, ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, இருவரும் ஒருவரை ஒருவர் எதிர்பார்த்துக் கொண்டிருப்பது எத்தனை வீடுகளில் நடக்கிறது!

அடுத்து, உங்கள் ஓட்டுநருக்கு ஒருவரை ஏற்றி உட்காரவைக்கத் தெரியுமா? சிரிக்காதீர்கள், பலருக்குத் தெரியாது. நல்ல மனதோடு கையைப் பிடித்து இழுப்பார்கள். மூட்டு தேய்ந்த தோள் காயப்பட அது போதும். வயதானவர் ஓட்டுநரின் முன்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஓட்டுநர் அவரை இழுக்கக் கூடாது. முதலில் இருக்கைக்கு முதுகைக் காட்டி நின்று, காலின் பின்பக்கம் இருக்கையைத் தொடும்வரை பின்னால் நகர்ந்து, உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுக்க வேண்டும். தலை இடிக்காமல் ஒரு கை மேலே. முழங்கால் மடங்காதவருக்குப் பின்சீட்டைவிட முன்சீட்டைப் பின்னால் தள்ளிக் கொடுப்பது பெரும்பாலும் சுலபம். தாழ்ந்த கார் எழுந்திருப்பதைக் கடினமாக்கும், உயரமான வண்டி ஏறுவதைக் கடினமாக்கும். இருக்கை இடுப்பு உயரத்துக்குக் கிட்டத்தட்ட இருந்தால் நிம்மதி. எந்த வண்டியை அனுப்பப் போகிறீர்கள் என்பதைக் கடைசி நிமிடத்தில் மாற்றாதீர்கள் என்று நான் கேட்பதற்கு இதுதான் காரணம். உங்களுக்கு இரண்டும் கார்தான். மாற்று முழங்கால் வைத்தவருக்கு அப்படி இல்லை.

சீட் பெல்ட்டையும் பாருங்கள். கழுத்தில் உரசுகிறது என்று தோள்மேல் வரும் பட்டையைக் கையிடுக்கில் விட்டுக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. கீழ்ப்பட்டை வயிற்றின்மேல் இல்லாமல் இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும். வண்டி கிளம்புமுன் ஒருமுறை திரும்பிப் பார்க்கிற ஓட்டுநர் வேண்டும், அவ்வளவுதான்.

சக்கர நாற்காலி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. "சக்கர நாற்காலி வசதி உண்டு" என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். மடக்கிய நாற்காலியை டிக்கியில் வைத்துக்கொள்வீர்கள் என்று அர்த்தமா, இல்லை நாற்காலியில் இருந்தபடியே ஒருவர் வண்டிக்குள் பயணம் செய்யலாம் என்று அர்த்தமா? இரண்டுக்கும் நடுவே மலையளவு தூரம். இரண்டாவது என்றால், நாற்காலி வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பட்டைகளால் தரையோடு இறுக்க வேண்டும். கொக்கிகள் நாற்காலியின் சட்டத்தில் மாட்ட வேண்டும். சக்கரத்திலோ, கழற்றக்கூடிய கைப்பிடியிலோ, கால் பலகையிலோ மாட்டக் கூடாது. அது முடிந்தபின் உட்கார்ந்திருப்பவருக்குத் தனியாக இடுப்புக்கு ஒரு பட்டையும் தோளுக்கு ஒரு பட்டையும் வேண்டும். நாற்காலியோடு வருகிற பெல்ட் நிமிர்ந்து உட்கார உதவுவதற்கு, மோதலில் காப்பாற்றுவதற்கு அல்ல. இந்தப் பட்டைகளுக்கு ஐஎஸ்ஓ 10542 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. வண்டிக்குள் இருக்கையாகப் பயன்படுத்தத்தக்க சக்கர நாற்காலிகளுக்கு ஐஎஸ்ஓ 7176-19 இருக்கிறது. கையால் தள்ளுகிற சாதாரண மடக்கு நாற்காலிகள் பல அந்தத் தரநிலையின் மோதல் சோதனைக்கு உட்பட்டவை அல்ல. ஆகவே இடம் மாறி உட்கார முடிகிற ஒருவரை வண்டியின் இருக்கைக்கு மாற்றுவதே நல்லது. இதை ஓட்டுநர் சொல்ல வேண்டும், குடும்பத்தார் கண்டுபிடிக்க விடக் கூடாது.

அப்புறம், சக்கர நாற்காலியை வண்டிக்குள் ஏற்றுகிற தூக்கு மேடை. மின்சாரச் சக்கர நாற்காலி 100 கிலோவைத் தாண்டலாம், அதில் உட்கார்ந்திருப்பவரின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மேடை எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டால் "அதெல்லாம் தாங்கும்" என்ற பதில் வருகிறது. எண்ணைச் சொல்லுங்கள்.

இனி திரும்பும் பயணம். போகிற நேரம் எல்லோருக்கும் தெரியும், திரும்புகிற நேரம் யாருக்கும் தெரியாது. மருத்துவர் தாமதமாக வருவார், இன்னொரு ஸ்கேன் என்பார்கள், மருந்துக்கடையில் வரிசை நிற்கும். நீங்களோ காலையிலேயே ஒரு நேரத்தைக் குறிக்கச் சொல்கிறீர்கள். என் அப்பாவுக்கு ஒருமுறை இப்படித்தான் ஆனது. வண்டி வந்தது, ஓட்டுநர் போன் செய்தார், அப்பாவுக்குக் காது கேட்காது, போன் பையில் அடித்து ஓய்ந்தது. "பயணி வரவில்லை" என்று பதிவு செய்துவிட்டு வண்டி போய்விட்டது. வராததற்கான கட்டணமும் பிடித்துக்கொண்டார்கள். அவர் அந்தக் கட்டடத்துக்குள்ளேதான், கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் இறங்கி உள்ளே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் முடிந்திருக்கும். அந்தச் சேவையின் நேரம் தவறாமைக் கணக்கில் அன்றைய பயணமும் சரியான நேரத்துக்கு வந்ததாகவே ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் நேரம் தவறாமைச் சதவீதங்களை நான் கேட்கப் போவதில்லை. பயணி போனை எடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். எத்தனை நிமிடம் காத்திருப்பீர்கள், யார் இறங்கி வருவார், இரண்டாவதாக யாரை அழைப்பீர்கள்? "முடிந்ததும் கூப்பிடுங்கள்" என்கிற ஏற்பாடு என்றால், கூப்பிட்டபின் அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஆகும்? டயாலிசிஸ் முடித்தவர்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேர அளவு. முடிந்து வருகையில் இரத்த அழுத்தம் குறைந்து, உடம்பு துவண்டிருக்கும். அவருக்கு முக்கால் மணி நேரக் காத்திருப்பு வெறும் தாமதம் இல்லை. மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற பரிசோதனைகள் இன்னொரு சிக்கல். பொறுப்பான ஒருவர் கூட வந்தால்தான் பல மருத்துவமனைகள் வெளியே அனுப்பும், வாடகை வண்டி ஓட்டுநரை அப்படிப்பட்டவராகப் பெரும்பாலும் ஏற்பதில்லை. துணையாள் ஒருவரை அனுப்பும் வசதி உங்களிடம் இருந்தால் தயவுசெய்து பெரிய எழுத்தில் போடுங்கள். ஜிபிஎஸ்ஸைச் சின்ன எழுத்தில் போட்டால் போதும்.

மறதிநோய் உள்ளவர்களை ஏற்றிக்கொள்கிறீர்கள் என்றால் கேள்வி இன்னும் கடுமையானது. அவர் நடுவழியில் பெல்ட்டைக் கழற்றலாம், சிக்னலில் கதவைத் திறக்கலாம், "இங்கதான் என் வீடு" என்று முழு நம்பிக்கையோடு வேறொரு வீட்டைக் காட்டலாம். ஓட்டுநர் நம்பிவிடுவார், நல்ல மனிதர் வேறு. உள்ளிருந்து திறக்க முடியாத கதவுப் பூட்டு வேண்டும். யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற பெயர் ஓட்டுநரிடம் இருக்க வேண்டும். அந்த ஆள் வீட்டில் இல்லையென்றால் இறக்கிவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும். இதற்கு எழுத்தில் ஒரு விதி உங்களிடம் இல்லையென்றால், இந்தப் பயணங்களை ஏற்காதீர்கள். அது தப்பே இல்லை.

ஏற்காமல் இருப்பதைப் பற்றி இன்னொன்று. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் திடீரென்று விழுதல் என்று யாராவது அழைத்தால், "நாங்கள் வரமாட்டோம், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்" என்று உங்கள் ஆள் சொல்ல வேண்டும். வருமானத்தை விட்டுக்கொடுத்து இப்படிச் சொல்கிற சேவையை மற்ற எல்லாவற்றுக்கும் நம்புவேன்.

ஓட்டுநர் உரிமம், பின்னணிச் சரிபார்ப்பு, முதலுதவிப் பயிற்சி, வண்டிப் பராமரிப்பு இவையெல்லாம் இருக்கும் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டைக் கேட்டாக வேண்டும். உங்கள் காப்பீடு வண்டி மோதினால் மட்டுமா, அல்லது படியில் ஏற்றும்போது விழுந்தாலும் பொருந்துமா? எங்களிடம் பதிவு வாங்கிவிட்டு, ஆள் இல்லாத நாளில் வேறு நிறுவனத்திடம் தள்ளிவிடுவீர்களா? அப்படியானால் அந்த ஓட்டுநரைச் சரிபார்த்தது யார்?

பேசுவது யாரிடம் என்பதும் முக்கியம். காசு கட்டுவது நான்தான், ஆனால் பயணம் செய்வது என் அப்பா. "பெரியவருக்கு ஏசி வேணுமா?" என்று என்னைக் கேட்கிறார்கள், அவர் பக்கத்திலேயே நிற்கும்போது. எதிரே நின்று, முகம் பார்த்து, கொஞ்சம் நிதானமாகக் கேட்டால் அவரே சொல்வார். போகிற வழியில் கழிப்பறைக்கு நிறுத்தச் சொல்லவும் கூச்சப்படமாட்டார். இது சின்ன விஷயம் இல்லை. சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலர் பயணம் என்றால் அன்றைய மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள், தண்ணீரும் குடிப்பதில்லை. பலரை ஒரே வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றுகிற சேவைகள் இதை யோசித்து வழியைப் போட வேண்டும். ஆப் வைத்திருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓடிபி கேட்காமல், மனிதர் எடுக்கிற ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தால் செலவாகும் என்பீர்கள். உண்மைதான். பயணத்துக்கு இவ்வளவு என்று மட்டும் ஓட்டுநருக்குக் கொடுத்தால் அவர் அவசரப்படத்தான் செய்வார், அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காத்திருக்கும் நேரத்துக்கும் உள்ளே வந்து உதவும் நேரத்துக்கும் அவருக்குக் கூலி கொடுங்கள், அதை எங்கள் கட்டணத்தில் தனியாகக் காட்டுங்கள். முன்பே சொல்லிவிட்டால் கொடுக்கிறோம். எல்லோராலும் முடியாது என்பதும் தெரியும். அந்தப் பொறுப்பை அரசுகளும் மருத்துவமனைகளும் ஏற்க வேண்டும், அது வேறு மடலுக்கான சங்கதி. 2030-இல் உலகில் 6 பேரில் ஒருவர் 60 வயதோ அதற்கு மேலோ ஆனவராக இருப்பார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்களுக்கு வாடிக்கையாளர் பஞ்சம் வராது.

உங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தபின்னும் முதல் பயணமாக மருத்துவமனைக்கு அனுப்பமாட்டேன். அவசரமில்லாத ஒரு நாளில், அப்பாவின் நண்பர் வீட்டுக்குப் போய்வர வண்டி கேட்பேன். நானும் கூட வருவேன், ஆனால் வாயைத் திறக்கமாட்டேன். ஓட்டுநர் இறங்கி வருகிறாரா, பெல்ட்டைப் பார்க்கிறாரா, திரும்ப அழைத்துப்போக எப்போது வருகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டாம். உங்கள் முன்பதிவுப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்: எதுவரை வந்து உதவுவீர்கள், தூக்கு மேடை எத்தனை கிலோ தாங்கும், திரும்பும் வண்டிக்கு அதிகபட்சக் காத்திருப்பு எவ்வளவு, போன் எடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள், ஏறி இறங்குகையில் விழுந்தால் காப்பீடு உண்டா. முதலில் போடுகிற நிறுவனத்துக்கு முதலில் போன் செய்கிறேன்.

இப்படிக்கு,
அப்பாவுக்காக வண்டி தேடிக்கொண்டிருக்கும் ஒரு மகள்