தூங்கி எழுந்தால் வைஃபையைக் காணோம்: லேப்டாப் குறித்து ஒரு புகார்

செம்பூர், மும்பை
6.10.2025

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மூடித் திறந்ததும் வைஃபை செயலிழக்கும் லேப்டாப், இரண்டு முறை சர்வீஸுக்குக் கொடுத்தும் சரியாகாதது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் உதவி எண்ணில் தமிழுக்கென்று தனி எண்ணை அழுத்தச் சொல்கிறீர்கள். அந்தத் தைரியத்தில் இந்தக் கடிதத்தையும் தமிழிலேயே எழுதுகிறேன். இந்தியில் இரண்டு முறையும் ஆங்கிலத்தில் ஒரு முறையும் சொல்லிப் பார்த்துவிட்டேன். எடுபடவில்லை.

நான் கணக்கு எழுதுகிறவன். என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தாராவியில் இருக்கிறார்கள். தோல் பை தைக்கிறவர்கள், இட்லி மாவு அரைத்து விற்கிறவர்கள், முறுக்கு சுற்றிப் போடுகிறவர்கள். யாரும் பில்லைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வரமாட்டார்கள். நான்தான் கடை கடையாகப் போவேன். ஒரு கடையில் மூடியை மூடிப் பையில் வைத்தால் அடுத்த கடையில் திறப்பேன். இப்படி ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. நான் கேம் ஆடுவதில்லை, படம் பார்ப்பதில்லை. மூடினால் தூங்க வேண்டும், திறந்தால் எழுந்து வேலைக்கு வர வேண்டும். உங்கள் லேப்டாப்பிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

பிப்ரவரியில் வாங்கினேன். முதல் நான்கு மாதம் ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜூன் நடுவில் உங்கள் சொந்த அப்டேட் செயலி, பயாஸ் (கணினியை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள்) ஒன்றும் வைஃபை டிரைவர் (வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள்) ஒன்றும் வந்திருப்பதாகச் சொல்லி நிறுவச் சொன்னது. நிறுவினேன். அந்த வாரத்திலிருந்து தொடங்கியது தொல்லை.

என்ன நடக்கிறது என்றால், மூடியைத் திறந்ததும் திரை வருகிறது, எக்செல் விட்ட இடத்தில் அப்படியே நிற்கிறது. கீழே வலது மூலையில் மட்டும் வைஃபை அடையாளம் போய் உலக உருண்டை வந்து உட்கார்ந்திருக்கிறது. தட்டிப் பார்த்தால் நெட்வொர்க் பட்டியலே இல்லை. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டர் (வைஃபை கார்டு) மேல் மஞ்சள் முக்கோணம், உள்ளே 'கோட் 10', அதாவது சாதனத்தைத் தொடங்க முடியவில்லை என்று. சில நாள் அந்த அடாப்டரே பட்டியலில் இருக்காது. மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டு என்றால்தான் சாம்பல் நிறத்தில் தெரியும். கூடவே ப்ளூடூத் மவுஸும் செத்துவிடும். இரண்டும் ஒரே கார்டில் இருப்பதால் இது முக்கியமான தடயம் என்று நினைக்கிறேன். உங்கள் ஆட்கள் ஒருவரும் அதைக் காதில் வாங்கவில்லை.

செப்டம்பர் 20 சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். 20ஆம் தேதி என்றால் என்ன என்று ஜிஎஸ்டி கட்டுகிற எவரையும் கேளுங்கள், 3பி என்கிற மாத வரி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இரவு ஒன்பதரை மணிக்கு 90 அடி சாலையை ஒட்டிய ஒரு தோல் பை கடையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறக்கிறேன். உருண்டை. கடைக்காரர் பாய் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தார். கார்டே செத்துக் கிடக்கும்போது ஹாட்ஸ்பாட் எங்கே தெரியும்? ரீஸ்டார்ட் செய்தேன், வரவில்லை. பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து முழுதாக அணைத்துப் போட்டேன். அப்போதும் வரவில்லை. கடைசியில் பையனிடம் சார்ஜர் கேபிளை வாங்கி, போனை யுஎஸ்பி வழியாக இணைத்து, அந்த இணைப்பில்தான் ரிட்டர்ன் போட்டேன். மணி 11.40. பாய் பக்கத்தில் நின்று ஓடிபியை ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "தம்பி, உங்க மெஷினு நம்ம வாப்பா மாதிரி. தூங்குனா எழுப்பக் கூடாது" என்றார். சிரித்தேன். உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை.

இதற்கு முன்பே உங்களிடம் வந்துவிட்டேன் என்பதுதான் என் மனக்குறை.

உதவி எண்ணில் பேசிய பெண் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழில் மிகவும் மரியாதையாகவே பேசினார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. "சார், டிவைஸ் மேனேஜர்ல அடாப்டரைத் திறங்க, பவர் மேனேஜ்மென்ட் டேப்ல மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம்னு ஒரு டிக் இருக்குங்க, அதை எடுத்துடுங்க" என்றார். திறந்தேன். அப்படி ஒரு டேபே அங்கே இல்லை. "இருக்கும் சார், நல்லாப் பாருங்க" என்றார். அன்றைக்கு நல்லாப் பார்த்த நேரம் பத்து நிமிடம். அப்புறம் நானே தேடிப் படித்தபோதுதான் காரணம் புரிந்தது. கமாண்ட் பிராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி /ஏ' (powercfg /a) என்று அடித்தால் கணினி எந்தெந்த வகையில் தூங்கும் என்று சொல்லிவிடும். என்னுடையதில் பழைய எஸ்3 தூக்கம் கிடையாது, எஸ்0 என்கிற புதுவகைத் தூக்கம் மட்டும்தான். எஸ்3யில் ரேமுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து மற்றதையெல்லாம் ஏறக்குறைய அணைத்துவிடுவார்கள். எஸ்0 என்பது போன் போல, திரை அணைந்தாலும் உள்ளே அரைத்தூக்கம். வைஃபை கார்டு குறைந்த மின்சாரத்தில் காத்திருந்து, மூடி திறந்ததும் தானே எழுந்து வர வேண்டும். இப்படிப்பட்ட கணினிகளில் அந்த டேப் பெரும்பாலும் காட்டப்படுவதே இல்லை. இல்லாத டிக்கை எடுக்கச் சொல்வது யார் எழுதிக் கொடுத்த குறிப்பு? உங்கள் மாடலைத் தயாரித்தவர் நீங்கள், அதில் என்ன இருக்கிறது என்று உங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தானே.

அடுத்தது சர்வீஸ் சென்டர். ஜூலையில் ஒரு முறை, ஆகஸ்டில் ஒரு முறை. இரண்டு முறையும் நடந்தது ஒன்றுதான். பையன் லேப்டாப்பை வாங்கி, ஆன் செய்து, அங்கிருக்கும் வைஃபையில் இணைத்து, யூடியூப்பில் ஒரு பாட்டு ஓடவிட்டு, "சப் டீக் ஹை, சார்" (எல்லாம் சரியாக இருக்கிறது) என்றான். ஆன் செய்தால் பெரும்பாலும் வரத்தான் செய்யும். நான் சொன்ன குறை தூங்கி எழும்போது. ஒருவருக்குக் காலையில் எழுந்தால் முட்டி பிடித்துக்கொள்கிறது என்றால், டாக்டர் அவரை மத்தியானம் நடக்க விட்டுப் பார்த்துவிட்டுக் கால் நன்றாக இருக்கிறது என்பாரா? 'மூடி வைத்து இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள்' என்று ஜாப் ஷீட்டில் (பழுதுப் பதிவுத் தாளில்) எழுதிக்கொள்ளச் சொன்னேன். 'வைஃபை பிரச்சினை' என்று மட்டும் எழுதினார்கள். திரும்ப வந்தபோது அதன் கீழே 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று இருந்தது.

இரண்டாம் முறை ஃபார்மேட்டும் செய்துவிட்டார்கள். முன்னரே கேட்டார்கள், நானும் சரி என்றேன், இல்லை என்று சொல்லவில்லை. பேக்கப் இருந்ததால் கணக்குகள் பிழைத்தன. ஆனால் டேலி கணக்கு மென்பொருளின் உரிமத்தை மறுபடி ஏற்றி, டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கு டிரைவர் போட்டு, பதினான்கு பேருடைய கோப்புறைகளை ஒழுங்குபடுத்த இரண்டு நாள் சம்பாத்தியம் போனது. மூன்றாம் நாள் மத்தியானம் மூடியைத் திறந்தேன். உருண்டை.

அதன் பிறகு உங்களை நம்பி இருக்காமல் நானே பார்க்க ஆரம்பித்தேன். ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 24 வரை தினசரிக் காலண்டரின் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், மூடிய நேரமும் திறந்த நேரமும் வைஃபை வந்ததா இல்லையா என்பதும் குறித்து வைத்தேன். (என் மனைவி இதைப் பால் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.) மொத்தம் 96 முறை. வராமல் போனது 41. அந்த 41இல் 38 முறை, லேப்டாப் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூடிக் கிடந்திருக்கிறது. பத்து நிமிடத்துக்குள் திறந்தால் ஒரு முறைகூடத் தவறவில்லை. சர்வீஸ் சென்டரில் உங்கள் ஆட்களுக்கு ஏன் இது அகப்படவில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

வீட்டு ரூட்டரைக் குறை சொல்லிவிடாதீர்கள். அதே நேரத்தில் என் போனும் மகளின் லேப்டாப்பும் அதே வைஃபையில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். விண்டோஸ் மேல் பழி போடவும் வழியில்லை. லாமிங்டன் ரோட்டில் 550 ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிச் செருகினேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இரண்டு வாரம் இரண்டையும் சேர்த்துக் கவனித்தேன். உள்ளே இருக்கும் கார்டு எழாத ஒவ்வொரு முறையும் அந்த டாங்கிள் எழுந்து உட்கார்ந்திருந்தது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தியாயிற்று, நெட்வொர்க் ரீசெட் செய்தாயிற்று. பழைய டிரைவருக்குத் திரும்பியபோது நான்கு நாள் ஒழுங்காக ஓடியது. ஐந்தாம் நாள் அப்டேட் தானாகப் புதியதைக் கொண்டுவந்து போட்டது, பழைய கதைதான்.

டாங்கிள் விற்ற கடைக்காரர், "இது ஒரு திருகு, இரண்டு ஆன்டெனா வயர், பத்து நிமிட வேலை. ஆனால் நான் திறந்தால் வாரண்டி போச்சு என்பார்கள்" என்றார். என் மாடலில் கார்டு தனியாகக் கழற்றி மாற்றக் கூடியதா அல்லது போர்டோடு பற்றவைத்ததா என்று உங்களிடம் ஈமெயிலில் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் வந்த பதில், எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி.

எனக்கு வேண்டியது இது. லேப்டாப்பைக் குறைந்தது இரண்டு மணி நேரம் தூங்க வைத்து எழுப்பி, அப்படி ஐந்து முறையாவது சோதித்து, முடிவை ஜாப் ஷீட்டில் எழுத்தில் தர வேண்டும். குறை தெரிந்தால் கார்டை மாற்றுங்கள், அது போர்டோடு சேர்ந்தது என்றால் போர்டை மாற்றுங்கள். காரணம் உங்கள் பயாஸ்தான் என்றால் பழைய பயாஸுக்குத் திரும்ப வழி செய்து கொடுங்கள், இன்னொரு ஃபார்மேட் மட்டும் வேண்டாம். வாரண்டி பிப்ரவரியில் முடிகிறது. குறை இல்லை, குறை இல்லை என்று நான்கு மாதம் ஓடிவிட்டது, அந்த நாட்களை வாரண்டியில் சேர்த்துத் தர வேண்டும். டாங்கிளுக்குக் கொடுத்த 550 ரூபாயைக் கேட்கவில்லை, அது எனக்குக் கற்றுக்கொடுத்த பாடத்துக்கான ஃபீஸ்.

பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வரிக் கணக்கு எழுதுகிறவனுக்குக் கடைசித் தேதி சொல்லாமல் கடிதம் எழுத வராது.

இரண்டு ஜாப் ஷீட்டுகளின் நகல், காலண்டர் தாள்களின் ஒளிநகல், விண்டோஸ் எடுத்துக் கொடுத்த வைஃபை அறிக்கை ஆகியவற்றை இணைத்துள்ளேன். லேப்டாப்பை எடுத்துப் போக ஆளை அனுப்புவதாக இருந்தால் 21ஆம் தேதிக்கு மேல் அனுப்புங்கள். அதற்கு முன்னால் கொடுக்க முடியாது, பாய் கடைக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்