லாக்கை ஆன் செய்யச் சொன்னவர் அணைக்கச் சொல்லவில்லை

அனுப்புநர்:
பூ கமிஷன் கடை உரிமையாளர்,
தோவாளை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உங்கள் ஆன்ட்டிவைரஸின் டீபக் லாக் (அது செய்வதையெல்லாம் விரிவாக எழுதி வைக்கும் பதிவுக் கோப்பு) சர்வர் டிஸ்க்கை நிரப்பி, பில்லிங் நின்றது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் கடையில் ஒரே ஒரு சர்வர்தான். பில், விவசாயி கணக்கு, திருவனந்தபுரம் வியாபாரிகளின் பாக்கி எல்லாம் அதில்தான். உங்கள் ஆன்ட்டிவைரஸைப் போட்டு இது இரண்டாவது வருடம்.

ஒவ்வொரு பில்லுக்கும் பத்து நொடி திணறுகிறதே என்று சப்போர்ட்டுக்குப் போன் செய்தேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். லாக் எழுதும் நிலையை டீபக்குக்கு மாற்றி, பிரச்சினை வந்ததும் அந்த லாக்கை ஜிப் செய்து அனுப்பச் சொன்னார். அன்றைக்கே அனுப்பினேன். பதில் இல்லை. டீபக்கைத் திரும்ப அணைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பூ விற்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

டீபக்கை ஆன் செய்த 11-ஆம் நாள், ஓணத்துக்கு முந்தின வாரம், விடியற்காலை நான்கு மணி. தராசில் பிச்சிப்பூ மூட்டை இருக்கிறது, திரையில் 'டிஸ்க்கில் இடமில்லை' என்று வருகிறது. 120 ஜிபி சி டிரைவில் உங்கள் லாக் ஃபோல்டர் மட்டும் 74 ஜிபி. ஒன்றைத் திறந்து பார்த்தேன். எங்கள் கணக்கு இருக்கும் டேட்டாபேஸைத் தொட்ட ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரி. அது போதாதென்று, தன் லாக் கோப்பையே ஸ்கேன் செய்து அதையும் எழுதி வைத்திருக்கிறது!

சரி, அழிக்கலாம் என்றால் அனுமதி இல்லை. வைரஸ் வந்து கை வைக்காமலிருக்கப் போட்ட தற்காப்புப் பூட்டாம். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பாஸ்வேர்டு நாகர்கோவில் டீலரிடம் இருந்தது. அவர் போனை எடுக்கும்போது மணி ஏழரை. அதுவரை துண்டுச்சீட்டில் எழுதினோம். ஈரக் கைபட்டு இரண்டு சீட்டில் எடை அழிந்துபோனது. அந்த இரண்டு பேருக்கும் அவர்கள் சொன்ன எடைக்கே பணம் கொடுத்தேன்.

திணறலுக்குக் காரணத்தை அப்புறம் என் அக்கா மகன் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தான். அந்த டேட்டாபேஸை ஓட்டும் எஸ்க்யூஎல் சர்வரின் எம்டிஎஃப், எல்டிஎஃப் என்ற டேட்டாபேஸ் கோப்புகளை நிகழ்நேர ஸ்கேனிலிருந்து விலக்கினான். பில் ஓட ஆரம்பித்தது. மைக்ரோசாஃப்ட்டே அப்படித்தான் செய்யச் சொல்கிறதாம். முதல் போனிலேயே உங்கள் ஆள் இதைக் கேட்டிருந்தால் டீபக்கே வேண்டியிருக்காது.

இத்தனைக்கும் பிறகு நேற்று உங்கள் மெயில் வந்தது: 'டீபக்கை ஆன் செய்து, லாக்கை மறுபடி அனுப்பவும்.' ஆன் செய்ய மாட்டேன்.

விண்டோஸின் ஈவண்ட் லாக்கே வழக்கமாக 20 எம்பிக்கு மேல் வளராமல், பழையதை அழித்துப் புதியதை எழுதுகிறது. உங்கள் டீபக் லாக்குக்கும் அதுபோல ஒரு வரம்பு வையுங்கள். ஒரு நாளில் தானாக அணையும்படியும் செய்யுங்கள். எடை அழிந்த அந்த இரண்டு சீட்டு நஷ்டத்துக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் 15 நாளில் எழுத்தில் தெரிவியுங்கள்.

இன்னொன்று. நான் முதலில் அனுப்பிய ஜிப்பில் எங்கள் யூசர் பெயர்களும் கோப்புப் பெயர்களும் இருக்கின்றன. அதை யாரும் திறந்தே பார்க்கவில்லை என்றால் அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்