கிலோமீட்டரை மறந்துவிட்டு வா

கிளேர்மோன்-ஃபெரான், பிரான்ஸ்
மே 18

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இனிமேல் பேப்பரில் வருகிற எழுத்துப்பிழைகளைத் தேடிப் பிடித்து உனக்கு வாசித்துக் காட்டுவார், தயாராக இரு. இங்கே எல்லோரும் சுகம். என் பிரெஞ்சு உச்சரிப்பைத் திருத்துவதை மகள் முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் திருத்தத் திருத்த நான் இன்னும் மோசமாகப் பேசுகிறேன் என்பது என் மனைவியின் கருத்து.

ஜூன் கடைசியில் வருகிறாய் என்றால் சந்தோஷம்தான். ஆனால் "பத்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்தில் முடிகிற மாதிரி ஒரு ரூட் பார்த்து வை" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பெசன்ட் நகர் கடற்கரையில் நீ அதிகாலையில் ஓடுகிற பத்துக்கும் இங்கே உள்ள பத்துக்கும் பெயரில்தான் ஒற்றுமை. சென்னையில் நீ ஏறிய மிகப் பெரிய மலை ஏதாவது மேம்பாலமாகத்தான் இருக்கும். இங்கே நான் குடியிருக்கும் தெருவே ஏற்றம். ரொட்டி வாங்கப் போனாலே மூச்சு வாங்கும்.

வந்த புதிதில் நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்று மனதில் வைத்துக்கொண்டு கிளம்புவேன். முதல் மேட்டில் அது பதினொன்று ஆகும். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எரிச்சல்தான் மிஞ்சும். அப்புறம்தான் கவனித்தேன், இங்கே ஓடுகிறவர்கள் "எவ்வளவு தூரம்?" என்று கேட்பதே இல்லை. "தே ப்ளூஸ் எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார்கள். பாதை முழுவதும் ஏறிய ஏற்றங்களை மட்டும் கூட்டி வருகிற கணக்கு அது. இறக்கத்தைக் கழிக்க மாட்டார்கள். நூறு மீட்டர் ஏறினால் சமதரையில் ஒரு கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம் என்று ஒரு வழக்கம் உண்டு. அப்படிப் பார்த்தால் 13 கிலோமீட்டரில் 700 மீட்டர் ஏறுகிற பாதை உனக்கு 20 கிலோமீட்டர். இந்தக் கணக்கை ஒப்புக்கொண்ட நாளிலிருந்துதான் எனக்கு ஓட்டம் பிடிக்க ஆரம்பித்தது. செங்குத்தான இடத்தில் தொடையில் கையை ஊன்றி நடப்பதற்கு இப்போது வெட்கமே இல்லை. என்னைவிட இரண்டு மடங்கு வேகமாக ஓடுகிறவர்களும் அங்கே நடக்கத்தான் செய்கிறார்கள்.

சரி, நீ வந்தால் எங்கே கூட்டிப்போவேன் என்று சொல்கிறேன்.

முதல் நாள் உடம்பு பழக, ஊருக்குத் தெற்கே ஜெர்கொவி மேட்டுக்கு. உயரம் 744 மீட்டர். கீழே கிராமத்திலிருந்து ஏறினால் 300 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மேலே போனதும் மேசை மாதிரி தட்டையாக இருக்கும், உன் ஆறு நிமிடத்தை அங்கே வைத்துக்கொள். கி.மு. 52-இல் இந்தப் பகுதியின் பழங்குடித் தலைவர் வெர்சிங்கெட்டோரிக்ஸ் ரோமாபுரியின் ஜூலியஸ் சீசரைத் தோற்கடித்த இடம் அது. ஜூனில் இருட்ட ஒன்பதரைக்கு மேல் ஆகிவிடும் என்பதால், நான் வேலை முடிந்து வந்த பிறகுகூட நிதானமாகப் போய்வரலாம்.

இரண்டாவதுதான் விஷயமே. ஊருக்கு மேற்கே எண்பது எரிமலைகள் வடக்கு தெற்காக வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறங்குகிறவை, பயப்படாதே. 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அவற்றில் உயரமானது ப்யுய் தெ டோம், 1465 மீட்டர். 1078 மீட்டரில் இருக்கும் செஸ்ஸா கணவாயில் காரை விட்டுவிட்டு, கோவேறு கழுதைக்காரர்களின் பாதை என்று பெயர் வாங்கிய பாதையில் ஏறுவோம். ரோமானியர் காலத்துத் தடம் அது, உச்சியில் மெர்குரி கடவுளுக்குக் கட்டிய கோவிலுக்குப் போவதற்காகப் போட்டது. கோவிலின் அடித்தளமும் சில சுவர்களும் இன்னும் இருக்கின்றன. வளைந்து வளைந்து இரண்டு கிலோமீட்டரில் ஏறத்தாழ 390 மீட்டர். அதை ஒரு தடவைகூட நான் இதுவரை முழுசாக ஓடி ஏறியதில்லை என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எதிரே இறங்குகிற ஆட்கள் எல்லோரும் "போன்ஜூர்" சொல்வார்கள். நம் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடவே "போன் குராஜ்" என்பார்கள். தைரியமாக இரு என்று அர்த்தம். வார்த்தை ஆறுதல்தான், சொல்கிற தொனியில் கொஞ்சம் பரிதாபம் இருக்கும்.

பற்சக்கர ரயிலும் உச்சிக்குப் போகிறது, 2012-லிருந்து. அது சுற்றிச் சுற்றி ஏறுகிற தடத்தில்தான் 1964 டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் போட்டியில் ஆன்கெத்தீலும் பூலிதோரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஏறினார்கள். பூலிதோர் முந்திவிட்டார், ஆனால் மொத்தப் போட்டியில் முன்னிலையில் இருப்பவர் போடுகிற மஞ்சள் சட்டை 14 விநாடி வித்தியாசத்தில் ஆன்கெத்தீலிடமே தங்கிவிட்டது. இன்றும் இந்த ஊர்க் கிழவர்களிடம் பேச்சை எடுத்துப் பார், பூலிதோருக்காகப் பெருமூச்சு விடுவார்கள்.

உச்சியில் உன்னிடம் ஒன்று காட்ட வேண்டும். உச்சி என்றால் உச்சியை அல்ல, என் கையிலிருக்கும் கடிகாரத்தை. அது ஏற்றத்தை அளப்பது காற்றழுத்தத்தை வைத்து. மேலே போகப் போக அழுத்தம் குறையும், அதை மீட்டராக மாற்றிக் காட்டும். இந்த வித்தையை முதலில் நிரூபித்த இடம் எது என்று நினைக்கிறாய்? இதே மலை. 1648 செப்டம்பர் 19. கிளேர்மோனில் பிறந்த விஞ்ஞானி பிளேஸ் பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி அவருடைய அக்கா கணவர் ஃபுளோரான் பெரியே காற்றழுத்தத்தை அளக்கும் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு இங்கே ஏறினார். உச்சியில் பாதரசம் கீழே இருந்ததைவிட எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கி நின்றது. மெர்குரி கோவில் புதைந்து கிடந்த மலையில் மெர்குரிக் குழாய்! ஆனால் அந்தக் கோவில் கிடைத்ததே 1870-களில்தான், உச்சியில் வானிலை ஆய்வகம் கட்டத் தோண்டியபோது. பெரியேவுக்குத் தன் காலடியில் என்ன இருந்தது என்றே தெரியாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த ஆள் மேலே ஏறியவர் இல்லை. கீழே ஊரில் மடத்துத் தோட்டத்தில் இன்னொரு குழாயை வைத்து, ஒரு துறவியை நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லியிருந்தார்கள். வானிலை மாறி அதுவும் இறங்கிவிட்டால் சோதனையே வீண் அல்லவா? இறங்கவில்லை. அந்தத் துறவியின் அருமை போன வாரம்தான் எனக்குப் புரிந்தது. இடி மழை வருகிற மாலை, சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறேன், கடிகாரம் நான் நாற்பது மீட்டர் ஏறிவிட்டதாகச் சொல்கிறது! அழுத்தம் குறைந்தது, அது மலை என்று நினைத்துவிட்டது. அந்த நாற்பதையும் அந்த மாதக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன், யாரிடமும் சொல்லாதே.

உச்சியிலிருந்து வடக்கே ஆட்டுப் பாதை என்கிற தடத்தில் இறங்கி பாரியுவுக்குப் போவோம். 1209 மீட்டர்தான், ஆனால் படத்தில் வரைகிற மாதிரி வட்டமான எரிமலை வாய். விளிம்பில் ஒரு சுற்று ஓடலாம், கீழே பச்சைக் கிண்ணம். ஏறுவதற்கு மரப்படி போட்டிருக்கிறார்கள், மண் சரியாமல் இருக்க. அந்தப் படிகளின் இடைவெளி எந்த மனிதக் காலுக்கும் பொருந்தாது. அங்கே மேய்கிற ஆட்டு இனத்தின் பெயர் ரவா. நிஜமாகத்தான். ஆடுகள் மேயாவிட்டால் புதர் மண்டி மலையே மறைந்துவிடும் என்பதற்காக மேய்ச்சலை விடாமல் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை முதல் தடவை கேட்டபோது எனக்கு உப்புமா ஞாபகம் வந்தது, மகள் முறைத்தாள்.

வழி தவறிவிடுமோ என்று கவலைப்படாதே. மரத்திலும் பாறையிலும் பெயின்ட் அடித்திருப்பார்கள். வெள்ளைக்குக் கீழே சிவப்பு என்றால் நெடுந்தூரப் பாதை, மஞ்சள் என்றால் உள்ளூர்ச் சுற்று. பெருக்கல் குறி மாதிரி இருந்தால் இந்தப் பக்கம் வராதே என்று அர்த்தம். அந்தப் பெருக்கல் குறியை ஒரு நவம்பர் மாலை மூடுபனியில் நான் கவனிக்காமல் விட்டேன். குஷியாக இறங்கினேன், இறக்கம் என்றால் யாருக்குக் கசக்கும்? காடு முடிந்து ஒரு கிராமம் வந்தது, என் கார் நின்ற கிராமம் இல்லை. தோட்டத்தில் நின்ற ஒரு பாட்டியிடம் கணவாய்க்கு எப்படிப் போவது என்று கேட்டேன். நான் இறங்கி வந்த பாதையைக் காட்டி, "சா மோந்த்" என்றார். ஏறுமே, என்கிறார். எனக்குத் தெரியாதா பாட்டி? இருட்டில், ஃபோன் வெளிச்சத்தில், இறங்கிய 280 மீட்டரையும் திரும்ப ஏறினேன். இன்னொன்று, செப்டம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய வேட்டைக் காலம். அப்போது பளீர் ஆரஞ்சுச் சட்டை இல்லாமல் காட்டுக்குள் போவதில்லை. நீ ஜூனில் வருவதால் அந்தக் கவலை இல்லை.

உன் முட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஏற்றம் முட்டியை ஒன்றும் செய்யாது, மூச்சைத்தான் பிடுங்கும். இறக்கம்தான் தொடையை வாங்கும். மறுநாள் காலையில் படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுவாய். அதனால் இப்போதிருந்தே உன் அடுக்குமாடியில் லிஃப்டைத் தொடாதே. ஏறுவதைவிட இறங்கிப் பழகுவதுதான் முக்கியம், அதுவும் சின்னச் சின்ன அடியாக. வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

ஷூ விஷயம். பாதை முழுக்கக் கருப்பும் சிவப்புமாக எரிமலைக் கல், சரளை மாதிரி நொறுநொறு என்று உருளும். மழை பெய்தாலும் சேறு ஆகாது, ஆனால் வழவழப்பான அடிப்பாகம் உள்ள உன் கடற்கரை ஷூ அதில் நிற்காது. பல் உள்ளதாக வாங்கு. வாங்கி அப்படியே பெட்டியோடு கொண்டுவராதே, இரண்டு வாரமாவது போட்டு ஓடிவிட்டு வா. பெட்டியில் மிச்சமாகிற இடத்தில் அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாயை வை.

உன்
மச்சான்