பிள்ளைப்பேற்றுத் தாயத்துகளைப் பட்டியலிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

அருங்காட்சியகங்களில் யூதப் பொருட்களைக் கவனிக்கும் காப்பாளர்களுக்கு வணக்கம்.

பேறுகால அறைச் சுவரில் ஒட்டிவைத்த தாயத்துத் தாளை ‘எபிரேயப் பிரார்த்தனை, அச்சு’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். நடுவில் வேதாகமத்தின் 121ஆம் சங்கீதம் இருந்தால் ஓரங்களையும் படியுங்கள். செனோய், சன்செனோய், செமங்கெலோஃப் என்ற மூன்று தூதர்களின் பெயர்களோ, ஆதாம் ஏவாள் பெயர்களோடு ‘லிலித்தே, வெளியே போ’ என்ற வரியோ தென்பட்டால், யூத மரபில் பச்சைக்குழந்தைகளுக்குத் தீங்கு செய்யும் பேயான லிலித்திடமிருந்து குழந்தையைக் காக்கும் காவல் அது. 1701இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ‘செஃபெர் ராசியேல்’ என்ற எபிரேய மந்திர நூலில் இந்தத் தூதர்கள் பறவை போன்ற கோட்டுருவங்களாக இருக்கிறார்கள். அவற்றை ‘அலங்காரம்’ என்று எழுதுவது தவறு. இடைக்கால நூலான ‘பென் சீராவின் அகரவரிசை’யில் லிலித்தின் பிடி ஆண் குழந்தைக்கு 8 நாள், பெண் குழந்தைக்கு 20 நாள். விருத்தசேதனம் எட்டாம் நாளில் ஆண் குழந்தைக்கு மட்டுமே செய்வது. ஆகவே ‘விருத்தசேதனத் தாள்’ என்று தலைப்பிட்டால் பெண் குழந்தை விடுபட்டுப்போகும்.

அதிகம் சறுக்கும் இடம், சூனியக்காரியை உயிரோடு வைக்காதே என்னும் யாத்திராகம வசனம் (எபிரேயத்தில் 22:17, தமிழ் வேதாகமத்தில் 22:18). எபிரேயத்தில் அது மூன்றே சொல். அவற்றை 6 விதமாக மாற்றி மாற்றி எழுதுவார்கள். அது வேண்டுமென்றே செய்வது, அச்சுப்பிழை அல்ல. தயவுசெய்து திருத்திப் படியெடுக்காதீர்கள். அதுபோல ‘ப்ளோனீத் பத் ப்ளோனீத்’ என்றிருந்தால் அது தாயின் பெயரல்ல. ‘இன்னாளின் மகள் இன்னாள்’ என்று பெயரை நிரப்புவதற்கான இடம்.

யூத ஆண்டு, எண்மதிப்புள்ள எபிரேய எழுத்துகளில் இருக்கும், ஆயிரங்களை விட்டுவிடுவதுண்டு. தாவ் 400, சாமெக் 60, ஆலெஃப் 1, ஆக 461. அதோடு 1240 கூட்டினால் கிறிஸ்தவ ஆண்டு 1701. யூத ஆண்டு செப்டம்பர் வாக்கில் பிறப்பதால், இலையுதிர்கால மாதம் குறித்திருந்தால் ஒன்று குறையும்.

இனி சுத்தம் செய்யும் ஆர்வம். மூலைகளில் ஆணித்துளை, பின்புறம் பசைத்தழும்பு, மேல்விளிம்பில் விளக்குப்புகை: தாள் தொங்கியதற்கு இவைதாம் சாட்சி. துளையை அடைப்பதற்கு முன் இருபுறமும் படமெடுத்து, துளைகளின் இடைவெளியை மில்லிமீட்டரில் குறியுங்கள். பாரசீக வெள்ளித் தகடுகளில் சங்கிலியிட்ட லிலித் உருவம் ஆழமில்லாமல் கீறப்பட்டிருக்கும். பளபளவென்று தேய்த்தால் கோடும் போய்விடும், கோட்டை எடுத்துக்காட்டும் கறுப்பும் போய்விடும். மூடிய உறைக்குள் சுருட்டிய தோலேடு இருந்தால் உலர்ந்த நிலையில் பிரிக்கவே கூடாது, மடிப்பிலேயே விரிசல் விடும். ஈரப்பதத்தில் மெல்ல இளக்கத் தெரிந்த வல்லுநர் கைக்கு வரும்வரை ‘திறக்கப்படவில்லை’ என்று எழுதிவையுங்கள்.