படகு கரையேறும், ஸ்விம்மிங் பூல் ஏறாது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். போனில் பேசினால் பாதி சொல்வதற்குள் சின்னவன் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறான். அதனால்தான் உட்கார்ந்து எழுதிவிட்டேன். படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் கொடு.

ஆஸ்திரேலியாவில் உங்கள் வீட்டுக்கு வாங்கப்போகும் ஸ்விம்மிங் பூலுக்காக நீ அனுப்பிய இரண்டு கொட்டேஷனையும் பார்த்தேன். இரண்டுமே ஏழு மீட்டருக்கு மூன்று மீட்டர், ஒரே துண்டாகச் செய்த ஃபைபர் தொட்டி, அதாவது ஷெல். விலையில் மட்டும் எட்டாயிரம் டாலர் வித்தியாசம். "பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான்பா இருக்கு, குறைஞ்ச விலைக்கே போயிடலாமா?" என்று கேட்டிருந்தாய். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஃபைபரில் கண்ணுக்குத் தெரிவது ஜெல்கோட் என்ற பளபளப்பான மேற்பூச்சு மட்டும்தான். அதன் தடிமன் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. காசு எங்கே போயிருக்கிறது என்பது அதற்குப் பின்னால் இருக்கிறது.

ஆயுசு பூரா ஃபைபர் படகு கட்டினவன் மகள் ஃபைபர் பூல் வாங்குகிறாள் என்று உங்கம்மாவுக்கு ஒரே சிரிப்பு. ஆனால் தொழில் ஒன்றுதான். படகுக்கு அச்சு குழியாக இருக்கும், வெளிப்பக்கம் பளபளப்பாக வரும். பூலுக்கு அச்சைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் கட்டுவார்கள், உள்பக்கம் பளபளப்பாக வரும். முதலில் ஜெல்கோட் அடிப்பார்கள், அது இறுகியதும் கண்ணாடி நாரும் அதைப் பிடித்து இறுகும் ரெசின் என்ற பசையும், கடைசியில் பக்கவாட்டில் விறைப்புக்கு விலா எலும்பு. எல்லாம் நம் படகு யார்டில் நீ பார்த்ததுதான்.

வித்தியாசம் ஒன்றே ஒன்று. நம் படகு மீன் இறக்கியதும் மணலில் ஏறிவிடும். அடிப்பக்கம் வெயிலில் காயும். பூல் அப்படி இல்லை. வைத்த நாளிலிருந்து இரவும் பகலும் தண்ணீர் அதன் மேலேயே நிற்கும், அதுவும் வெதுவெதுப்பான தண்ணீர். ஜெல்கோட் வழியாக ஈரம் துளித்துளியாக உள்ளே போகும். உள்ளே சரியாக வேகாத ரெசின் இருந்தால் அதோடு சேர்ந்து புளித்துக் கொப்புளமாகக் கிளம்பும். எப்போதும் தண்ணீரிலேயே கட்டிக் கிடந்த ஒரு படகை நம் யார்டுக்கு ஒருமுறை கொண்டுவந்தார்கள். அடியெல்லாம் அம்மை போட்ட மாதிரி. ஆணியால் ஒன்றைக் குத்தினேன். பிசுபிசுவென்று ஒரு நீர் பீறிட்டது, வினிகர் வாடை. பூலில் அந்த நோய் வந்தால் சுரண்டி, மாதக்கணக்கில் காயவைத்து, மறுபடி பூச வேண்டும். பூலைக் காலி செய்து காயவைப்பது எவ்வளவு ஆபத்து என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அதனால் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஜெல்கோட்டுக்கு அடுத்த அடுக்கில் என்ன ரெசின்? வினைல் எஸ்டர் என்று சொல்ல வேண்டும், சொன்னதை எழுத்திலும் கொடுக்க வேண்டும். சாதாரண பாலியஸ்டரை விட அது தண்ணீரைப் பல மடங்கு தாங்கும், விலையும் அதிகம். அதற்குப் பின்னால் உள்ள அடுக்குகள் பாலியஸ்டராக இருந்தால் பரவாயில்லை. குறைந்த விலைக்காரர் கொட்டேஷனில் 'உயர்தர ரெசின்' என்று மட்டும் போட்டிருக்கிறார். எந்த ரெசின் என்று போன் போட்டுக் கேள். ஷெல் தயாரிப்புக்கு ஆஸ்திரேலியத் தர எண் 1838, பதிப்பதற்கு 1839. இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா பார்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முழுக்க யார்டுகள் காளான் மாதிரி முளைத்தது உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். கட்டுமரம் போன வீட்டுக்கெல்லாம் ஃபைபர் படகு வந்து இறங்கியது. அவசரத்தில் கட்டியவற்றில் மேட் என்கிற கண்ணாடி நார் விரிப்பு குறைவு, ரெசின் அதிகம், மேலே மட்டும் மினுமினுப்பு. சிலது சீக்கிரமே விரிசல் விட்டன. வாங்கியவர்கள் பாவம், கையால் தடவிப் பார்த்து மெச்சினார்கள். தடவக் கூடாது, தட்ட வேண்டும். ஒரு டாலர் காசை எடுத்துக்கொண்டு ஷெல்லை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போ. கெட்டியாகக் கேட்டால் சரி. ஓர் இடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. படிக்கட்டு மடியும் மூலைகளில்தான் பெரும்பாலும் ரோலர் சரியாகப் போயிருக்காது, அங்கே பொறுமையாகத் தட்டு. லாரியிலிருந்து இறக்குவதற்கு முன்பே மாப்பிள்ளை இதைச் செய்துவிடட்டும். குழிக்குள் போய்விட்டால் அப்புறம் வாதாட முடியாது.

இன்னொன்று, இதை விற்கிறவர் யாரும் உனக்குச் சொல்ல மாட்டார். மிதக்கும் தூசியை இழுக்கும் ஸ்கிம்மருக்காகவும் லைட்டுக்காகவும் ஷெல்லில் ஓட்டை போடுவார்கள். வெட்டி எடுத்த அந்தத் துண்டைத் தூக்கி எறியாமல் தரச் சொல். அதன் ஓரத்தைப் பார்த்தாலே தடிமன் தெரிந்துவிடும். ஒரு சின்னத் துண்டைத் தீயில் போட்டால் ரெசின் எரிந்துபோய் கண்ணாடி நார் மட்டும் அடுக்கடுக்காக நிற்கும், எண்ணிப் பார்க்கலாம். புகை பொல்லாதது, திறந்த வெளியில், காற்று வருகிற பக்கமாக நின்று செய்ய வேண்டும். அங்கே கோடையில் தீ மூட்டத் தடை போடும் நாட்கள் உண்டு என்றாயே, அன்றைக்கு இந்த ஆராய்ச்சி வேண்டாம். போலீஸ் வந்தால் அப்பா சொன்னார் என்று சொல்லிவிடாதே.

மாப்பிள்ளை கான்கிரீட் பூலும் யோசித்தார் போலிருக்கிறது. வேண்டியபடி வடிவம் எடுக்கலாம், உண்மைதான். ஆனால் கட்ட மாதக்கணக்கில் ஆகும், பத்துப் பதினைந்து வருஷத்தில் உள்பூச்சைப் புதுப்பிக்க வேண்டும், சொரசொரப்பில் பாசி பிடிக்கும். உங்களுக்கு ஃபைபர்தான் சரி. நிறம் மட்டும் அந்தக் கருநீலம் வேண்டாம். வெளிர் நிறமாக எடு. கருநிறம் வெளுத்தால் திட்டுத்திட்டாகத் தெரியும் என்பது ஒரு காரணம். அடியில் ஒரு பிள்ளை கிடந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது பெரிய காரணம்.

இப்போது மண். உங்கள் மனையின் மண் அறிக்கையில் 'எச்' வகுப்பு என்று இருந்தது. மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண். ஷெல்லைச் சுற்றி நிரப்ப, தோண்டிய களிமண்ணையே திரும்பத் தள்ளுகிறார்களா, சரளைக்கல்லா, சிமென்ட் கலந்த மணலா என்று கேள். களிமண் என்றால் ஒத்துக்கொள்ளாதே. நிரப்பும்போது உள்ளே தண்ணீரும் வெளியே கல்லும் ஒரே மட்டத்தில் ஏற வேண்டும். வெளியே அதிகமானால் சுவர் உள்பக்கம் பிதுங்கும், உள்ளே அதிகமானால் வெளியே தள்ளும். மொத்தம் சுமார் முப்பதாயிரம் லிட்டர், நம்மூர் டேங்கர் லாரிக் கணக்கில் இரண்டரை லோடு. தோட்டத்துக் குழாயில் விட்டால் ஒரு நாள் முழுக்க ஓடும். அந்த ஒரு நாள் மாப்பிள்ளை லீவு போட்டு உடன் நிற்கட்டும்.

காலி செய்வது பற்றிச் சொல்கிறேன் என்றேன். தண்ணீர் இல்லாத ஃபைபர் பூல் ஒரு படகு, வேறொன்றுமில்லை. சுற்றியுள்ள நிலத்தடி நீர் அடிப்பக்கத்துக்கு மேல் அரை மீட்டர் ஏறினாலே பத்து டன் வரை மேலே தூக்கும். ஷெல்லின் எடையோ ஏறக்குறைய ஒரு டன். மண்ணைப் பிளந்துகொண்டு கிளம்பிவிடும், தரைக்கல், பைப் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு. பிரிஸ்பேனில் 2011 ஜனவரியிலும் 2022 பிப்ரவரியிலும் வந்த மாதிரி வெள்ளம் வந்து பூலுக்குள் சேறு போனால், கழுவ வேண்டும் என்று உடனே இறைத்துவிடாதே. அந்த நேரத்தில்தான் நிலத்தடி நீர் உச்சத்தில் இருக்கும். அடியில் ஹைட்ரோஸ்டாட்டிக் வால்வு வைப்பார்கள், வெளியே நீரின் அழுத்தம் கூடினால் அதைப் பூலுக்குள் விட்டுவிடும். அது போக, ஆழமான முனையில் ஷெல்லுக்கு வெளியே ஒரு பிவிசி பைப்பை அடிமட்டம் வரை செங்குத்தாக நட்டுவிடச் சொல். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் கீழே நீர் எவ்வளவு நிற்கிறது என்று தெரியும், வேண்டுமானால் அதில் சின்ன மோட்டார் விட்டு இறைக்கலாம். இதற்கு ஆகும் செலவு சொற்பம்.

தண்ணீர் மருந்து விஷயம் பார்மசி படித்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிஎச் 7.2க்கும் 7.6க்கும் நடுவே, குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் குளோரினேட்டர் போட்டால் பிஎச் ஏறிக்கொண்டே போகும், ஆசிட் விட வேண்டிவரும். அதை வாளித் தண்ணீரில் கலந்து விடு, படிக்கட்டில் நேராக ஊற்றாதே, ஜெல்கோட் வெளுத்துவிடும். அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வை. உத்தரவாதம் கேட்டுப் போகும்போது முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பார்கள். 'வாழ்நாள் உத்தரவாதம்' என்பது ஷெல்லுக்கு. ஜெல்கோட்டுக்கு எத்தனை வருஷம் என்று சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் படி. பம்ப் வேகம் மாற்றக்கூடியதாக வாங்கு. வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரம் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்குதான் இழுக்கும்.

வேலியை இரண்டு கொட்டேஷனிலும் 'கூடுதல்' என்று தனியாகப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அதுதான் முதல் வரி. உங்கள் குயின்ஸ்லாந்து சட்டப்படி 300 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தண்ணீர் நிற்கக்கூடிய பூலுக்கு வேலி கட்டாயம், பதிவும் செய்ய வேண்டும். உயரம் குறைந்தது 1200 மில்லிமீட்டர், கேட் தானாகவே சாத்திப் பூட்டிக்கொள்ள வேண்டும், வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். கம்பிகளுக்கு இடையே 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வேலியிலிருந்து 900 மில்லிமீட்டருக்குள் பிள்ளை ஏறி நிற்கும்படி எதுவும் இருக்கக் கூடாது. போட்டோவில் நீ அந்த இடத்தில் கறிவேப்பிலைத் தொட்டியை வரிசையாக வைத்திருக்கிறாய். சின்னவன் சோபாவிலிருந்து டிவி ஸ்டாண்டுக்குத் தாவுகிறவன், தொட்டியெல்லாம் அவனுக்குப் படிக்கட்டு. இன்றைக்கே நகர்த்து. காற்றுக்காக என்று கேட்டுக்குக் கல் வைத்து அண்டைகொடுக்கிற பழக்கமும் ஆகாது, வருகிற விருந்தாளிகளுக்கும் சொல்லி வை.

கடைசியாக ஒன்று. கடலோரத்தில் பிறந்தவள் நீ, ஆனால் உனக்கு நீந்தத் தெரியாது. நம்மூரில் பையன்கள் வலை இழுக்கப் போகும்போதே கற்றுக்கொள்வான்கள், பெண் பிள்ளைகளை யாரும் தண்ணீரில் விட்டதில்லை. பெரியவளை நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டேன் என்றாய், சந்தோஷம். அதே இடத்தில் பெரியவர்களுக்கும் வகுப்பு இருக்குமே, உன் பெயரையும் கொடு. பகலில் வீட்டில் இருக்கப்போவது நீ, மாப்பிள்ளை இல்லை. மூச்சு நின்றவருக்குச் செய்யும் சிபிஆர் முதலுதவிப் பயிற்சியும் இருவரும் எடுங்கள். சிபிஆர் முறை எழுதிய பலகையை வேலியில் மாட்டுவது சட்டத்துக்கு, கையில் பழகுவது பிள்ளைக்கு. மே மாதம் தோண்டுகிறார்கள் என்றால் உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அதிக விலைக்காரரையே எடு என்று நான் சொல்லவில்லை. இருவரிடமும் ரெசின், நிரப்புகிற பொருள், அந்தப் பிவிசி பைப் மூன்றையும் கேட்டு, எழுத்தில் வந்த பதிலை எனக்கு அனுப்பு. படித்துவிட்டுச் சொல்கிறேன். டிசம்பரில் நாங்கள் வரும்போது என்ன கொண்டுவர வேண்டும் என்று உங்கம்மா கேட்கிறாள். கருவாடு கொண்டுவந்தால் ஏர்போர்ட்டில் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நான் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறாள், நீயே ஒரு வார்த்தை சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா