ஃபர் நூலில் ஒரு கேப்

அன்புள்ள தோழிக்கு,

நலம். உன் நலமும் அண்ணன் நலமும் அறிய ஆவல். மூட்டு வலிக்கு பிசியோதெரபி போவதாக எழுதியிருந்தாய். விடாமல் போ. வலி கொஞ்சம் குறைந்ததும் நிறுத்திவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா?

டொராண்டோவில் குளிர் உச்சத்தில் இருக்கிறது. வீட்டை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. அதனால்தான் மகளுக்குத் தோளைச் சுற்றிப் போர்த்துகிற கேப் ஒன்று பின்னி முடிக்க முடிந்தது. அடுத்த மாதம் அவள் நாத்தனாருக்குக் கல்யாணம். இங்கே குளிர்காலக் கல்யாணம் என்றால் பட்டுப்புடவைக்குத்தான் கஷ்டம். மேலே கோட் போட்டால் முந்தானை மடிப்பு நசுங்கும், தோளில் குத்திய ஊக்கு இழுபடும். கோட் வேண்டாம் என்றால் காரிலிருந்து மண்டபம் வரை பனியில் நடுங்கிக்கொண்டே ஓட வேண்டும். கேப்புக்குக் கை கிடையாது. தோளில் சும்மா உட்கார்ந்துகொள்ளும், மடிப்பு கலையாது. புடவைக்கு இதைவிடப் பொருத்தமான குளிர் உடுப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நூல் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கம்பளி நூல் இல்லை இது, செயற்கை ரோமம் வைத்த ஃபர் நூல். நடுவில் மெல்லிசாக ஒரு மைய இழை. அதிலிருந்து எல்லாப் பக்கமும் பாலியஸ்டர் ரோமம் நீட்டிக்கொண்டிருக்கும். தடவினால் முயல் முதுகைத் தடவுகிற மாதிரியே இருக்கும். 2000-களின் தொடக்கத்தில் இங்கே லயன் பிராண்ட் என்ற நூல் கம்பெனியின் 'ஃபன் ஃபர்' நூலில் ஸ்கார்ஃப் பின்னாதவர்களே இல்லை என்னும்படி ஒரு மோகம் இருந்தது. அது ஒல்லி நூல், இமைமயிர் போல அங்கங்கே தொங்கும். சாதாரணக் கம்பளி நூலோடு சேர்த்துப் பின்னினால்தான் அதற்கு உடம்பு வரும். இப்போது வருவது தடியான, அடர்ந்த ரோமம். தனியாகவே பின்னலாம்.

இந்த நூலில் கண்ணால் ஒரு பயனும் இல்லை! ஊசியைப் பார்த்தால் ரோமம்தான் தெரியும், அதில் மாட்டியிருக்கும் நூல் கண்ணி எங்கே என்றே தெரியாது. இடது கட்டைவிரலால் ஊசியின் மேல் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனால் ரோமத்துக்கு அடியில் அந்த மைய இழை முடிச்சுப் போல விரலில் தட்டும். அதுதான் கண்ணி. பக்கத்துக் கண்ணியிலிருந்து அதைப் பிரித்து, அப்புறம்தான் வலது ஊசியை நுழைக்க வேண்டும். அவசரப்பட்டால் இரண்டு கண்ணி ஒன்றாகப் போய்விடும். பிரித்துப் பின்னலாம் என்று இழுத்தால் ரோமம் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அதனால் பத்துக் கண்ணிக்கு ஒரு அடையாள வளையம் மாட்டி, ஒவ்வொரு வரிசை முடிந்ததும் எண்ணிவிடுவேன். உன் அம்மாவை நினைத்துக்கொண்டேன். குன்னூர் வீட்டில் கரண்ட் போனாலும் அவர்கள் பின்னுவதை நிறுத்த மாட்டார்களே. இருட்டில், நம்மோடு பேசிக்கொண்டே, ஒரு கண்ணி தவறாமல். இந்த நூல் கேட்பது அந்த விரல்களைத்தான்.

நீ பின்னும் கேபிள், லேஸ் டிசைன் எதுவும் இதற்குத் தேவையில்லை. எல்லாம் ரோமத்துக்குள் மறைந்துவிடும். எல்லா வரிசையும் வெறும் நிட், அதாவது சாதாரண நேர்ப்பின்னல் போதும், ஓரமும் சுருளாது. 9 மி.மீ. மூங்கில் ஊசி எடுத்துக்கொண்டேன், கண்ணி வழுக்காது. 10 செ.மீ. அகலத்துக்கு 8 கண்ணி வந்தது. முழங்கை மட்டத்தில் இரண்டு கையையும் உடம்பையும் சேர்த்துச் சுற்றளவு 130 செ.மீ. வேண்டும் என்பதால் கீழே 104 கண்ணி ஏற்றி, தோள் வரைக்கும் நேராகவே போனேன். அதற்கு மேல் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, எட்டு இடங்களில் இரண்டிரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னி, கழுத்துக்கு 40-இல் முடித்தேன். குறைத்த இடம் தேடினாலும் தெரியாது.

முடித்த பிறகு ஒரு வேலை இருக்கிறது, அதை விட்டுவிடாதே. பின்னும்போது பாதி ரோமம் கண்ணிக்குள் மாட்டிக்கொள்ளும். மழுங்கிய தையல் ஊசியால் அதை வெளியே இழுத்துவிட வேண்டும். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து இழுத்தேன். அதன் பிறகுதான் துணி ஃபர் ஆனது. பாரம் தாங்காமல் கழுத்து இழுபடக் கூடாது என்று உட்புறம் ஒரு ரிப்பன் வைத்துத் தைத்தேன். ஜரிகை மாட்டாமலிருக்க மெரூன் சாட்டின் லைனிங். முன்னால் ஒரு கொக்கி, அவ்வளவுதான். இஸ்திரிப் பெட்டியை மட்டும் கிட்டவே கொண்டுபோகக் கூடாது, பாலியஸ்டர் உருகிவிடும்.

நிஜ ஃபர் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று சம்பந்தியம்மா கேட்டார்கள். எனக்கு மனசு வராது. இந்த நாட்டில் ஹட்சன்ஸ் பே கம்பெனி 1670-இல் தொடங்கியதே பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் தோல் வியாபாரத்துக்காகத்தான். ஐரோப்பாக்காரர் தொப்பிக்காக எத்தனை உயிர் போயிருக்கும்! பாலியஸ்டரும் குற்றமற்றது என்று சொல்ல மாட்டேன். துவைக்கும்போதெல்லாம் நுண் இழைகள் தண்ணீரோடு போகின்றன. அதனால் அடிக்கடி துவைக்காமல் காற்றாட வைத்தால் போதும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

உனக்கும் ஒன்று பின்ன ஆசை. குன்னூர் டிசம்பருக்கு இது தேவைதானே? சாம்பல் நிறமா, காப்பிக்கொட்டை நிறமா என்று எழுது. இரண்டு கையையும் சேர்த்து உடம்பைச் சுற்றி டேப் வைத்து அளவும் எடுத்து அனுப்பு. அண்ணனை எடுக்கச் சொல், நீயே எடுத்தால் டேப் நழுவும். சின்னவளுக்கு வேலை உறுதியானதா?

அன்புடன்,
உன் தோழி